நாற்பத்தொன்பது கோடு

வியாசர்பாடிக் காயலாங்கடையில்
எடைபோட்டுத்தான் வாங்கினேன்.
நூற்றுப் பதினெட்டு கிலோ,
சக் தனி.
மீன்பாடி வண்டிக்காரர் தேசிங்கு
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த நேரமெல்லாம்
அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:
"இன்னா சார் இது, லேத்தா,
இல்ல லேத்து மாதிரி ஒண்ணா?"

கம்பெனி பெயர் எங்கும் இல்லை.
யாரோ வீட்டில் செய்தது.
படுக்கைக்கு இரண்டு தண்டவாளத் துண்டு,
தலைப்பக்கம் லாரி கியர்பாக்ஸில் பாதி.
கைச்சக்கரம் தையல் மெஷினுடையது என்று
ஜெசிந்தா வாசலிலேயே கண்டுபிடித்தாள்.

மாடிப்படிக்குக் கீழே
காலி சிலிண்டரை நகர்த்திவிட்டுப் பிரித்துப் போட்டேன்.
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே ரெட் ஆக்சைடு,
அதற்கும் கீழே
ஆணியால் கீறிய ஒரு கணக்கு:
26 – 7.5
விடை எழுதவில்லை.

செய்தவனோடு சண்டை அங்கேதான் தொடங்கியது.
தப்பான இடத்தில் ஓட்டை போட்டு
ஈயம் ஊற்றி அடைத்து
நாலு மில்லி தள்ளி மறுபடி போட்டிருக்கிறான்.
எண்ணெய்த் துளைக்கு மூடி
ஹவாய் செருப்பின் துண்டு.
ஆட்டம் நிற்க அடியில் செருகியது
பால்பவுடர் டின் தகரம்.
அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு
நல்ல பித்தளைத் தகடு வாங்கி வைத்தேன்.
ஆடியது.
குப்பையைக் கிளறி
அதே தகரத்தைத் தேடி வைத்தேன்.
நின்றது.
அதற்காகவும் அவனைத் திட்டினேன்.

ஞாயிறுகளில் நீலம் பூசித் தேய்த்து
மேடு காட்டிய இடத்தை மட்டும் சுரண்டினேன்.
சரக்கு வண்டி போனால்
டயல் கேஜ் முள் இரண்டு கோடு ஆடும்.
கடைசிப் பெட்டி போகும்வரை
கையை எடுத்துவிட்டு நிற்பேன்.
படுக்கையிலிருந்த தண்டவாளங்களும் லேசாக அதிரும்,
தெரிந்தவர் யாரோ தெருவில் போவதுபோல.

ஓட ஆரம்பித்த பிறகுதான் நோய் தெரிந்தது.
ஐம்பது கோடு தள்ளினால்
ஒரு கோடு கூடுதலாய் வெட்டியது.
திருகைச் சந்தேகப்பட்டேன்.
நட்டைச் சந்தேகப்பட்டு
மூலக்கொத்தளத்தில் கன்மெட்டலில் புதிது செய்வித்தேன்.
ஆயிரத்து நானூறு ரூபாய்.
நோய் அப்படியே இருந்தது.

ஜெசிந்தா ப்ளவுஸுக்கு ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்தாள்.
ஊசியோடு எழுந்து வந்து
முனையால் கோடு கோடாகத் தொட்டாள்,
உதடு அசையாமல்.
"நாப்பத்தொம்பது."
மறுபடி எண்ணு என்றேன்.
"நீயே எண்ணு."

பத்து, இருபது, முப்பது, நாற்பது.
நாற்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே
ஒன்பதே இடைவெளி,
ஒவ்வொன்றும் அத்தனை ஒழுங்கு.
கன்டெய்னர் யார்டில்
நாளெல்லாம் சீல் எண் சரிபார்க்கிறவன் நான்.
இதை எண்ணத் தோன்றவில்லை.
அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும்.
ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை
மனசுக்குள் கழித்துக்கொண்டே கடைந்திருப்பான்.

புது டயல் செய்ய
என்னிடம் வேறு லேத் இல்லை.
ஐம்பது எண்ணத் தெரியாத மெஷினிடம்தான்
ஐம்பது கேட்க வேண்டும்.
ஜெசிந்தாவின் டேப்பை
ஒட்டுப்பலகை வட்டத்தில் சுற்றினேன்.
நூறு சென்டிமீட்டர் வந்து
தன் பூஜ்யத்தையே முட்டும்வரை
விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன்.
இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு நிறுத்தம்.
அவள் பலகையைத் திருப்பிப் பிடித்து "ம்" என்பாள்.
நான் கோடு கீறுவேன்.

முப்பத்தோராவது "ம்" வருமுன்
வேகன் வந்தது.
அவள் பலகையை விடவில்லை,
நான் உளியை நகர்த்தவில்லை.
மணலிக் காற்று கந்தகமாய் வந்து போனது.
"ஐம்பத்தெட்டு பெட்டி" என்றாள்.
பிறகு,
"ம்."

பழைய டயலைக் காயலாங்கடைக்கே
திருப்பித் தரலாம் என்றிருந்தேன்.
காலையில் பார்த்தால்
கட்டிங் மேஜையில்
லைனிங் துணி ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க
அதை வைத்திருக்கிறாள்,
பூஜ்யம் தன் பக்கம் இருக்கும்படி.